பேக்கப் ஆகிவிட்டது என்கிறது ஃபோன், அழித்துவிடலாமா?

கேள்வி (பிப்ரவரி 8)

ஃபோன் 128 ஜிபி. கேமராவைத் திறந்தாலே "சேமிக்க இடமில்லை" என்று வருகிறது. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் முடிந்தது என்று காட்டுகிறது. அதிலேயே இடத்தைக் காலி செய்ய ஒரு பொத்தானும் இருக்கிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் இந்த ஃபோனில்தான். தம்பி "அழுத்துக்கா, ஒண்ணும் ஆகாது" என்கிறான். எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அழுத்தலாமா?

பிப்ரவரி 8, இரவு 9:50

அழுத்தலாம். இன்றைக்கு வேண்டாம்.

தம்பி சொல்வது பொய்யில்லை. மேலே ஏறி முடித்த படங்களை மட்டும் பொறுக்கி ஃபோனிலிருந்து எடுத்துவிடும், அவ்வளவுதான் அந்தப் பொத்தானின் வேலை. ஆனால் பிரதிகளை எண்ணிப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு படமும் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஃபோனில் ஒன்று, கிளவுடில் ஒன்று. அழுத்தியதும் ஒன்றுதான் மிஞ்சும். இதுவரை பேக்கப் என்று நாம் கூப்பிட்டது அந்த நொடியிலேயே அசலாகிவிடுகிறது. அதற்குப் பேக்கப் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் கை தயங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் மூன்றாவதாக ஒரு பிரதி. பிறகு பொத்தான்.

பிப்ரவரி 8, இரவு 10:35

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பொத்தானும் டெலிட்டும் ஒன்றில்லை.

கூகுள் ஃபோட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் வசதி ஃபோனில் இருப்பதை மட்டும் நீக்கும். அதே ஆப்பில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தால் கிளவுடில் இருப்பதும் சேர்ந்தே போகும். பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு தேடினாலும் வராது.

ஐக்ளவுட் ஃபோட்டோஸ் இன்னும் கண்டிப்பு. அது சிங்க். ஐஃபோனில் அழித்தால் ஐபேடிலும் போகும், மேக்கிலும் போகும், கிளவுடிலும் போகும். இடம் வேண்டுமென்றால் அங்கே இருக்கிற வழி "ஐஃபோன் ஸ்டோரேஜை மேம்படுத்து" என்பதுதான். சின்ன பிரதியை ஃபோனில் வைத்துக்கொண்டு பெரியதை மேலே வைத்துக்கொள்ளும்.

உண்மையான கண்ணி எங்கே என்றால், ஐஃபோனில் இரண்டையும் ஓட்டுகிறவர்களுக்கு. ஐக்ளவுட் ஃபோட்டோஸ் ஆனில் இருக்கிறது, கூகுள் ஃபோட்டோஸும் இருக்கிறது. கூகுள் ஆப்பில் இடத்தைக் காலி செய்கிறார்கள். அது ஃபோன் கேலரியில் இருப்பதை அழிக்கும். ஃபோன் கேலரிதான் ஐக்ளவுட். "ரெண்டு கிளவுட் இருக்கு, கவலையில்லை" என்று இருந்தவருக்கு ஒரே தட்டில் ஒரு கிளவுட் காலி.

பிப்ரவரி 9, காலை 6:40

நேற்று முதலில் கேட்டிருக்க வேண்டியது இது. கூகுள் ஃபோட்டோஸ் செட்டிங்ஸில் பேக்கப் தரம் என்று ஓரிடம் உண்டு. அசல் தரம் என்றிருக்கிறதா, ஸ்டோரேஜ் சேவர் என்றிருக்கிறதா?

இரண்டாவது என்றால், மேலே ஏறியிருப்பது உங்கள் படத்தின் சுருக்கம். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தை 16-க்குக் குறைத்துவிடும். 1080பி-க்கு மேற்பட்ட வீடியோவை 1080பி ஆக்கிவிடும். ஃபோன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது அசல் என்று சொல்ல முடியாமல் நானே திணறியிருக்கிறேன். பெரிதாக அச்சடிக்கும்போதும், கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கும்போதும் தெரியும். 4கே வீடியோவில் சாதாரணமாகவே தெரியும்.

அந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் ஃபோனில் இருந்த அசல் போய், சுருக்கம் ஒன்றே உலகத்தில் மிஞ்சும். அதில் எனக்குச் சம்மதம்தான் என்று ஒருவர் முடிவெடுத்தால் சண்டை போட மாட்டேன். முடிவெடுக்கவே இல்லாமல் நடந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, இரவு 8:15

கீழே ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து 900 படம் அழித்தேன், 2 ஜிபிதான் கிடைத்தது என்று புலம்பியிருக்கிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. படத்துக்கு இரண்டு சொச்சம் எம்பி.

ஐஃபோனின் வீடியோ செட்டிங்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: 1080பி, 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே, 30 ஃபிரேம் என்றால் 170. 4கே, 60 ஃபிரேம் என்றால் 400. அதுவும் ஹெச்இவிசி என்ற சிக்கன முறையில் பதிந்தால். அப்படியென்றால் 4கே, 60-ல் ஐந்து நிமிடம் எடுத்த வீடியோ ஒன்று, அந்த 900 படத்துக்குச் சமம். மேடையில் யாரோ பேசியதை ஓர் ஓரத்திலிருந்து எடுத்த வீடியோவாக இருக்கும் அது. ஒரு தட்டில் போயிருக்கும், தூக்கமும் கெட்டிருக்காது.

அதனால் அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஐஃபோனில் ஸ்டோரேஜ் பக்கத்திலேயே வீடியோக்களைப் பெரிதிலிருந்து சிறிதாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் ஃபைல்ஸ் பை கூகுள் ஆப்பில் பெரிய ஃபைல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். வாட்ஸ்ஆப்புக்கு உள்ளேயே "ஸ்டோரேஜை நிர்வகி" என்ற இடத்தில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகப் பிரித்து வைத்திருக்கும். என் ஃபோனில் முதலிடம் பிடித்தது சட்டைப் பைக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு வீடியோ. உரசல் சத்தம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

ஐஃபோனின் லைவ் ஃபோட்டோவும் ஒரு திருடன். கிளிக்குக்கு முன் ஒன்றரை நொடி, பின் ஒன்றரை நொடி சேர்த்து ஒரு குட்டி வீடியோ ஒவ்வொரு படத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும். பில், ரசீது, அடையாள அட்டை எல்லாவற்றையும் லைவாக எடுத்து வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 10, பகல் 1:05

"வீடியோ எல்லாம் அழித்தேன், இடம் கூடவே இல்லை."

குப்பைத்தொட்டியில் இருக்கிறது. ஐஃபோனில் "சமீபத்தில் நீக்கியவை" 30 நாள் வைத்திருக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். உடனே இடம் வேண்டுமென்றால் அதையும் காலி செய்ய வேண்டும். அதைக் காலி செய்தால் தவறிப்போய் அழித்ததைத் திரும்பப் பெற வழி கிடையாது. சட்டைப்பை வீடியோவுக்குத் தாராளமாகச் செய்யுங்கள். மற்றவற்றுக்குப் பொறுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 11:20

ஹார்ட் டிஸ்க்குக்கு எப்படி இறக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேபிள் போடுங்கள். புளூடூத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால் குழந்தை வளர்ந்துவிடும்.

டிஸ்க்கைச் செருகியதும் அது எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலையும் ஏற்காது. 600 ஜிபி காலியாக இருக்கும்போதே "ஃபைல் மிகப் பெரியது" என்று சொல்லும், நாம் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்போம். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் போதும். ஃபார்மேட் மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், அதனால் அதில் வேறேதும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

ஐஃபோனிலிருந்து விண்டோஸுக்கு எடுப்பவர்களுக்கு மட்டும்: ஃபோட்டோஸ் செட்டிங்ஸின் அடியில் "மேக் அல்லது பிசிக்கு மாற்று" என்று இருக்கும். அது "தானாக" என்று இருந்தால் ஐஃபோன் வழக்கமாக எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படங்களை, எங்கும் திறக்கும் ஜேபெக் வகைக்கு மாற்றி மாற்றி அனுப்பும். மாற்றும்போது சில சமயம் பாதியில் நின்று, "சாதனம் வேலை செய்யவில்லை" என்று திட்டும். கேபிளை மாற்றிப் பார்ப்பீர்கள், கம்ப்யூட்டரை மாற்றிப் பார்ப்பீர்கள். "அசலை வைத்துக்கொள்" என்று மாற்றுங்கள், ஓடிவிடும். ஐக்ளவுடில் மேம்படுத்தும் வசதி ஆனில் இருந்தால் இன்னொரு சிக்கல்: அசல் ஃபோனிலேயே இருக்காது. கேபிள் வழியாக எல்லாம் வராது. கம்ப்யூட்டரில் ஐக்ளவுட் தளத்திலிருந்தோ, மேக்கில் "அசலை இறக்கு" என்று வைத்தோதான் எடுக்க வேண்டும்.

கட் பேஸ்ட் வேண்டாம். காப்பி மட்டும். பாதியில் கேபிள் ஆடினால் கட் செய்தது எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, இரவு 9:30

இப்போது எனக்குப் பிடித்த பேய்க்கதை.

டிஜிட்டல் கேமராக்களின் ஃபைல் பெயர் விதியில் எண்ணுக்கு நான்கு இலக்கம்தான் இடம். 0001 முதல் 9999 வரை. அதன் பிறகு மறுபடி முதலிலிருந்து. புது கார்டு போட்டால் சில கேமராக்கள் அதற்கும் 0001-லிருந்து ஆரம்பிக்கும். இதனால் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் ஒவ்வொரு வீட்டிலும் நிறைய இருக்கும்.

வீட்டில் இருந்த பழைய கார்டுகள், பழைய லேப்டாப், இரண்டு தலைமுறை ஃபோன்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் விண்டோஸ் கேட்கும்: மாற்றவா, தவிர்க்கவா, இரண்டையும் வைக்கவா. நூறாவது முறை கேட்கும்போது யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டத் தோன்றும். "மாற்று" என்று தட்டினால், கல்யாணப் படம் 0412-ன் மேல் சுற்றுலாப் படம் 0412 ஏறி உட்கார்ந்துகொள்ளும். "தவிர்" என்றால் சுற்றுலாப் படம் வரவே வராது. இரண்டிலும் எச்சரிக்கை எதுவும் கிடையாது, எண்ணிக்கை மட்டும் குறையும். "இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது போல" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

கொட்டாதீர்கள். ஒவ்வொரு கார்டுக்கும், ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி ஃபோல்டர். சேர்ப்பது பிறகு. சேர்க்கும்போது பெயரையே எடுத்த தேதி, நேரம் என்று மாற்றிவிட்டால் மோதல் பெரும்பாலும் தீரும்.

பிப்ரவரி 13, மாலை 7:10

எடுத்த தேதி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எந்தத் தேதி?

கேமராவோ ஃபோனோ எடுத்த ஜேபெக்குக்குள் எக்ஸிஃப் என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். 1995-ல் ஜப்பானில் வகுத்தது. எந்தக் கேமரா, என்ன ஷட்டர், எப்போது எடுத்தது எல்லாம் அதில் இருக்கும். நம்ப வேண்டியது அந்தத் தேதியைத்தான். விண்டோஸ் காட்டும் "உருவாக்கிய தேதி" நீங்கள் காப்பி செய்த நாள். அதை வைத்து அடுக்கினால் இருபது வருட வாழ்க்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்த மாதிரி இருக்கும்.

எக்ஸிஃபும் கேமராவின் கடிகாரத்தை நம்பியதுதான். எங்கள் பழைய கேமராவில் உள் பேட்டரி செத்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தொழிற்சாலைத் தேதிக்கே போய்விடும். ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் ஜனவரி 1-ல் மட்டும் படம் எடுத்துக்கொண்டது. இதைத் திருத்த எக்ஸிஃப்டூல் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஒரு படத்தின் சரியான நேரம் தெரிந்தால், வித்தியாசத்தைக் கணக்கிட்டு மொத்தக் கட்டையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிற கேமராவில் ஒவ்வொரு நாள் படத்துக்கும் வித்தியாசம் வேறு வேறு. அந்தக் காலத்துப் படங்களை "அந்த வீட்டில் இருந்தபோது" என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

நேர மண்டலம் இன்னொரு வம்பு. எக்ஸிஃபில் அதற்கு இடமே 2016-ல் வந்த 2.31 பதிப்பில்தான் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் ஃபோன் நேரம் தானாக மாறியிருக்கும், கையில் இருந்த கேமரா பழைய ஊரிலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்தால் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு விமானம் ஏறுவோம்.

வாட்ஸ்ஆப்பில் படமாக வந்த படத்தில் எக்ஸிஃபே இருக்காது, வழியிலேயே உரித்துவிடும், அமுக்கியும்விடும். பெயரில் இருக்கும் தேதி நமக்கு வந்த தேதி. அசல் வேண்டுமென்றால் எடுத்தவரிடம் "டாக்குமெண்டாக அனுப்பு" என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 13, இரவு 11:55

இப்போது டிஸ்க்கில் பார்த்த ஃபோல்டர் பெயர்கள், அப்படியே: "பழைய லேப்டாப்", "பழைய லேப்டாப் எல்லாம்", "பழைய லேப்டாப் எல்லாம் கடைசி", "சரிபார்க்கணும்", "சரிபார்க்கணும் 2". சரிபார்க்கணும் 2-க்குள் பழைய லேப்டாப் இருக்கிறது.

பிப்ரவரி 15, காலை 10:00

இரட்டைப் படங்களை நீக்கும் மென்பொருள் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு சாதி உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, அச்சு அசலாக ஒரே ஃபைலைக் கண்டுபிடிப்பது. ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் வைத்து ஷா-256 மாதிரி ஒரு நீள எண் கணக்கிட்டு, எண் ஒன்றானால் ஃபைலும் ஒன்று என்று சொல்லும். பெயர் வேறாக இருந்தாலும் பிடித்துவிடும். இதை நம்பி அழிக்கலாம். பழைய லேப்டாப் பரம்பரை முழுவதையும் இப்படித்தான் ஒழித்தேன், கணிசமான இடம் கிடைத்தது.

இன்னொன்று, பார்க்க ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடிப்பது. டூப்குரு, டிஜிகேம் போன்றவை இதைச் செய்யும். ஐஃபோனில் 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல் இரட்டைப் படங்களுக்கென்றே தனி ஆல்பம் இருக்கிறது. இவற்றின் பட்டியலைப் பார்க்கலாம், "எல்லாவற்றையும் நீக்கு" என்று மட்டும் தட்டக் கூடாது. கூட்டமாக நிற்கும் படம் நான்கு எடுத்திருப்போம், ஒன்றில்தான் எல்லோரும் கண்ணைத் திறந்திருப்பார்கள். மென்பொருளுக்கு நான்கும் ஒன்று. அசலும் அதன் வாட்ஸ்ஆப் பிரதியும் ஜோடியாக வந்தால் பெரிய ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் அதில்தான் இருக்கும்.

இதில் என் கருத்து மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் ஒரே மாதிரிப் படங்களைத் தீவிரமாகக் களைந்தேன். பிறகு பழைய படங்களைப் பார்க்கும்போது, நான் ரசித்து நின்றதெல்லாம் தேறாத படங்களில்தான். யாரோ நடுவில் புகுந்தது, அப்பா கேமராவைத் தப்பாகப் பிடித்தது. இப்போது மங்கல், கறுப்பு, தரைப் படம் தவிர எதையும் தொடுவதில்லை. 9-ஆம் தேதி சொன்ன கணக்குதான், படத்தை அழித்து மிச்சமாகும் இடம் சொற்பம்.

பிப்ரவரி 16, இரவு 8:40

காப்பி முடிந்துவிட்டது, இப்போது அழுத்தலாமா என்று தம்பியே வந்து கேட்டிருக்கிறார்.

இன்னும் இல்லை தம்பி. திறந்து பார்த்தீர்களா? காப்பி முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொல்வது அது முயற்சி செய்தது முடிந்தது என்றுதான். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஃபைல் எண்ணிக்கை ஒன்றா, மொத்த அளவு ஒன்றா பாருங்கள். அளவு வாரியாக அடுக்கி 0 பைட் ஃபைல் எதுவும் அடியில் கிடக்கிறதா பாருங்கள். டிஸ்க்கை பத்திரமாகக் கழற்றி, மறுபடி செருகி, முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் செருகி, ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் திறந்து பாருங்கள். உடனே திறந்தால் நினைவகத்தில் இருப்பதையே காட்டும், டிஸ்க்கில் உண்மையில் எழுதியதா என்று தெரியாது. வீடியோவை ஓட்டி, கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். பாதியில் அறுந்த வீடியோவும் முதல் காட்சியை அழகாகக் காட்டும்.

கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் ஷா-256 பட்டியல் எடுத்து ஒப்பிடுங்கள். ஆர்சிங்க் என்ற காப்பி நிரலைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: வழக்கமாக அது அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும் பார்த்து "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று தாண்டிவிடும். உள்ளே இருப்பதை ஒப்பிட வேண்டுமென்றால் செக்சம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸின் காப்பி நிரலான ரோபோகாப்பியில் மிரர் என்று ஒரு வழி இருக்கிறது. மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழித்துவிடும். ஃபோனைக் காலி செய்த பிறகு பழக்கதோஷத்தில் மிரர் ஓட்டினால் டிஸ்க்கும் ஃபோன் மாதிரியே சுத்தமாகிவிடும்.

பிப்ரவரி 18, இரவு 9:15

எத்தனை பிரதி போதும் என்ற சண்டைக்கு வருகிறேன்.

பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்குதான் எல்லோரும் சொல்வது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். மூன்றில் அசலும் சேர்த்தி. நம் கேள்விக்கு வந்தால், ஃபோனைக் காலி செய்தபின் கிளவுடும் ஒரு டிஸ்க்கும் சேர்த்து இரண்டுதான். அதனால் டிஸ்க் இரண்டு வேண்டும் என்பேன். இரண்டாவது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. தம்பி வீடு சரியாக இருக்கும். என் உறவினர் ஒருவர் லேப்டாப்பையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே பையில் வைத்திருந்தார், பையோடு போனது.

பென் டிரைவ் தபால்காரர் மாதிரி. கொண்டுபோய்ச் சேர்க்கும், வீட்டில் வைத்துக் காக்காது. அதிலும் எஸ்எஸ்டியிலும் தகவல் நிற்பது மின்னூட்டமாக. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மெல்லக் கசியும். எடுத்து வைத்துவிட்டு மறக்கிற காரியத்துக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க் மேல். அதுவும் சாகும், ஆனால் சில சமயம் சத்தம் போட்டுவிட்டுச் சாகும். எதுவானாலும் அவ்வப்போது செருகி ஓட்டிப் பாருங்கள்.

வெளியே கொடுத்து வைக்கும் டிஸ்க்கைப் பூட்டி வைப்பது நல்லதுதான், விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் அதன் சொந்தப் பூட்டு. ஆனால் சாவியை எழுதி வேறோர் இடத்தில் வைக்காமல் பூட்டாதீர்கள். சாவி தொலைந்தால் பூட்டியவருக்கும் திறக்காது. கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் உரிமையை கூகுள் எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 19, பகல் 2:30

"கூகுளே காணாமல் போய்விடுமா என்ன?" என்று கேட்டவருக்கு.

கூகுள் போகாது. விதி போகும். படங்களைப் போட்டு வைக்கும் தளமான ஃப்ளிக்கர் 2013-ல் 1 டிபி இலவசம் என்றது. 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவித்தது, மிஞ்சியதை இறக்கிக்கொள்ளவோ காசு கட்டவோ கெடு வைத்தது. கூகுள் ஃபோட்டோஸ் 2015-ல் வந்தபோது உயர் தரத்தில் அளவில்லாமல் இலவசம். 2021 ஜூன் 1 முதல் ஏறுவதெல்லாம் மெயிலோடும் டிரைவோடும் பகிரும் 15 ஜிபியில் கணக்கு. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி.

இதில் ஓர் உபயோகமான விஷயம் ஒளிந்திருக்கிறது. 2021 ஜூன் 1-க்கு முன் உயர் தரத்தில் ஏறிய படங்கள் இன்றும் அந்த 15 ஜிபியில் சேராது. கிளவுட் நிரம்பிவிட்டது என்று பழைய படங்களை அழிக்கிறவர்கள் ஒரு பைட்கூடப் பெறாமல் படத்தை மட்டும் இழக்கிறார்கள்.

கூகுளிலிருந்து மொத்தமாக இறக்க டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. 2 ஜிபி துண்டுகளாக வரும், 50 வரை பெரிதாக்கிக்கொள்ளலாம். இறக்கும் இணைப்பு ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும். படத்தோடு கூடவே ஜேசான் என்ற குட்டி ஃபைல்கள் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். படத்துக்குள்ளிருக்கும் எக்ஸிஃப் அப்படியே இருக்கும். ஆனால் கூகுளுக்குள் போன பிறகு நீங்கள் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு, சேர்த்த இடம் எல்லாம் அந்த ஜேசானில்தான். கூகுளின் பழைய பட மென்பொருளான பிகாசாவை 2016-ல் நிறுத்தியபோது இதைத்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் போட்டு வைத்திருந்தேன், பெயர்கள் படத்துக்குள் போகவே இல்லை. பெரியம்மா வீட்டுப் படங்களில் பாதிப் பேர் எனக்கு இப்போது யாரோ.

பிப்ரவரி 22, இரவு 7:45

இரண்டு டிஸ்க், எண்ணிக்கை ஒத்துப்போகிறது, வீடியோ கடைசி வரை ஓடுகிறது, தரம் அசல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத்திவிடுங்கள்.

அடுத்த மாதம் புதிதாக எடுத்ததை இறக்கும்போது பழைய ஃபோல்டரில் போடாமல் புது மாதத்துக்குப் புது ஃபோல்டர். முதல் டிஸ்க்கில் இறக்கி, சரிபார்த்து, பிறகு இரண்டாவதில். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது வைரஸ் புகுந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான் எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிப்ரவரி 23, காலை 9:20

ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக்காக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல், எடுப்பவர் ஒருவர், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் தானே வாராவாரம் பேக்கப் எடுக்கிறது, எனக்கு இந்தத் தலைவலி இல்லை என்று எழுதியிருக்கிறார். லைட்ரூம் கிளாசிக் எடுக்கும் பேக்கப் கேட்டலாகுக்கு மட்டும். எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்ற கணக்குப் புத்தகம் அது. படம் ஒன்றுகூட அதில் கிடையாது. டிஸ்க் போனால், இல்லாத படங்களுக்கு நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். ரா ஃபைல்களைத் தனியாகக் காப்பி எடுங்கள். பக்கத்தில் திருத்தக் குறிப்புகள் இருக்கும் எக்ஸ்எம்பி என்ற குட்டி ஃபைல்கள் இருந்தால் அவற்றையும் பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள்.